மருந்து கொடுக்கும் கை

1979 ஜூனில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு குறுங்கட்டுரை வெளிவந்தது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்ட அந்த ஆய்வுக்காகப் பின்லாந்து ஆய்வாளர்கள் மூன்று தரப்பாரின் சிறுநீரைச் சேகரித்திருந்தார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிகள் ஒரு தரப்பு. அந்த மருந்தைக் கரைத்து, அளந்து, ஏற்றிவிடும் செவிலியர்கள் இன்னொரு தரப்பு. மருந்தின் பக்கமே போகாத அலுவலக ஊழியர்கள் மூன்றாம் தரப்பு.

நோயாளிகளின் சிறுநீரில் மரபணுவை மாற்றக்கூடிய பொருள் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான், அவர்கள் உடம்புக்குள் போன மருந்தின் வேலையே அது. செவிலியர்களின் சிறுநீரிலும் அது இருந்தது. நோயாளிகளிடம் இருந்ததைவிடக் குறைவு, ஆனால் அலுவலக ஊழியர்களோடு ஒப்பிட்டால் தெளிவாகக் கூடுதல். இந்தப் பெண்கள் ஒரு சொட்டு மருந்தைக்கூட உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள் அல்லர். வேலைக்கு வந்தார்கள், வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னவை பாக்டீரியாக்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஏம்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் 1970களின் தொடக்கத்தில் எளிமையான ஒரு சோதனையை உருவாக்கியிருந்தார். சால்மோனெல்லா பாக்டீரியா தனக்குத் தேவையான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளும். ஏம்ஸ் எடுத்துக்கொண்ட வகைகளில் அதற்குரிய மரபணு பழுதாகியிருக்கும். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அவற்றை வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பட்டினி கிடக்கும். இப்போது நமக்குச் சந்தேகமான ஒரு பொருளைத் தட்டில் சேர்க்கிறோம். அடுத்தடுத்த நாட்களில் தட்டெங்கும் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியாக் கூட்டங்கள் முளைத்தால், அந்தப் பொருள் மரபணுவில் கை வைத்துவிட்டது என்று அர்த்தம். பழுதான எழுத்துகள் தற்செயலாகத் திருந்தி, பட்டினி கிடந்தவை பிழைத்துக்கொண்டன. பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுவது மனிதருடைய மரபணுவையும் மாற்றக்கூடும். தலைமுடிச் சாயங்களையும், குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமலிருக்கப் பூசிய ஒரு ரசாயனத்தையும் இந்தச் சோதனைதான் அப்போது காட்டிக்கொடுத்தது.

ஏம்ஸ் இதில் ஒரு நுட்பத்தையும் சேர்த்திருந்தார். பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாது. பல பொருட்கள் நம் கல்லீரலுக்குள் போய்த்தான் நஞ்சாக மாறுகின்றன. அதனால் எலியின் ஈரலை அரைத்தெடுத்த சாற்றையும் தட்டில் கலந்தார். இந்த ஈரல் சாறு ஏன் முக்கியம் என்பது பின்னால் புரியும்.

செவிலியர்கள் கையாண்ட மருந்துகளின் வம்சாவளியைப் பார்த்தால், இந்த முடிவு யாரையும் வியக்கவைத்திருக்கக் கூடாது.

1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை முதன்முறையாகக் கடுகு வாயுவைப் பயன்படுத்தியது. பெயர்தான் வாயு, உண்மையில் அது எண்ணெய் போன்ற ஒரு திரவத்தின் தூவானம். கண்ணும் தோலும் நுரையீரலும் வெந்துபோயின. பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் ஆராய்ந்த அமெரிக்கர்களான கிரம்பார் தம்பதி, 1919இல் விசித்திரமான ஒன்றைப் பதிவு செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அநேகமாகக் காலியாகியிருந்தன, எலும்பு மஜ்ஜை வறண்டிருந்தது. அந்தப் பதிவு இருபது ஆண்டுகளுக்கு மேல் அநேகமாக யாரும் புரட்டாமல் கிடந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இரண்டு இடங்களில் இரண்டு வேலைகள் ரகசியமாக நடந்தன. ஒன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1933இல் தப்பி வந்த யூதப் பெண் ஷார்லட் அவர்பாக், அங்கே மரபியல் ஆய்வாளராக இருந்தார். கடுகு வாயுவால் வரும் புண், எக்ஸ் கதிரால் வரும் புண்ணைப் போலவே ஆற மறுக்கிறது என்பதை அங்கிருந்த மருந்தியலாளர்கள் கவனித்திருந்தார்கள். எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்று 1927இலேயே ஹெர்மன் முல்லர் காட்டியிருந்தார். அப்படியானால் கடுகு வாயுவும் மாற்றுமா? அவர்பாக்கும் மருந்தியலாளர் ராப்சனும் பழ ஈக்களைக் கடுகு வாயுவில் காட்டிப் பார்த்தார்கள். வசதியான ஆய்வுக்கூடம் இல்லை, மருந்தியல் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் வேலை நடந்தது. ஈக்களின் சந்ததியில் மரபணு மாற்றங்கள் குவிந்தன. ஒரு வேதிப்பொருளால் மரபணுவை மாற்ற முடியும் என்பதற்கு முதல் உறுதியான சான்று அது. போர் ரகசியம் என்பதால் 1946 வரை வெளியிட முடியவில்லை. அதற்குள் அவர்பாக்கின் கைகள் வெந்து புண்ணாகிவிட்டன. அந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கைகளைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரியிலிருந்து நகர முடியவில்லை. மரபணுவைக் குலைக்கும் ஒரு பொருளை அதே மரபணு உள்ள ஒரு கைதான் எடுத்து ஊற்றியாக வேண்டும் என்ற சிக்கல், அந்த மொட்டைமாடியிலேயே தொடங்கிவிட்டது.

இன்னொரு வேலை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. லூயிஸ் குட்மன், ஆல்பிரட் கில்மன் என்ற இரண்டு மருந்தியலாளர்கள் கடுகு வாயுவின் நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடுகு வாயு மூலக்கூறின் நடுவில் இருக்கும் கந்தகத்தை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தால் கிடைப்பது அது. வெள்ளையணுக்களை அழிக்கிறது என்றால், வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய்க்கு இது மருந்தாகாதா என்று யோசித்தார்கள். 1942 ஆகஸ்டில், நிணநீர்ப் புற்று முற்றி வேறு வழியே இல்லாத ஒருவருக்கு ஏற்றினார்கள். தொண்டையையும் மார்பையும் அடைத்துக்கொண்டிருந்த கட்டிகள் சில நாட்களில் கரைந்தன. பிறகு திரும்பி வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். ஆனாலும் ரத்தத்தில் ஏற்றும் ஒரு வேதிப்பொருளால் புற்றை இப்படிக் கரைக்க முடியும் என்பதை அதற்கு முன் அநேகமாக யாரும் பார்த்ததில்லை. இன்று நாம் 'கீமோ' என்று சொல்வது அங்கேதான் தொடங்குகிறது.

நைட்ரஜன் மஸ்டர்டின் வேதியியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நைட்ரஜன் அணு. அதிலிருந்து இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு குளோரின். உடம்பின் ஈரத்தில் நைட்ரஜன் தன் கையை உட்பக்கமாக மடக்கி, நுனியிலுள்ள குளோரினைத் தள்ளிவிட்டு, மூன்றே அணுக்கள் கொண்ட ஒரு குட்டி வளையமாகிறது. மூன்று அணுக்களை வளையமாக்குவது, விறைப்பான மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுவது போன்றது. கட்டவிழ ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும். டி.என்.ஏ.வில் குவானைன் என்ற எழுத்து இருக்கிறது. அதன் ஏழாம் இடத்து நைட்ரஜனில் எலக்ட்ரான் வளம் அதிகம். வளையம் அதைக் கண்டதும் கட்டவிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கையும் இதையே எதிர் இழையில் செய்தால், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் சேர்த்துத் தைத்தாற்போல் ஆகிவிடும். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் இழைகள் பிரிய வேண்டும். தையல் விழுந்த இழைகள் பிரியாது, செல் செத்துப்போகும். வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் மாட்டும். புற்றுச் செல்கள் மட்டுமல்ல, தலைமுடியின் வேர், குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பெருகுபவைதான். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் இதனால்தான்.

ஒரு கை மட்டும் ஒட்டி, செல்லும் சாகாமல் பிழைத்துக்கொண்டால்? அப்போது இழையில் ஒரு பிழை நின்றுவிடுகிறது. அந்தப் பிழையோடு செல் பெருகுகிறது. புற்றைக் கொல்லும் மருந்தே, பல ஆண்டுகள் கழித்து வேறொரு புற்றை, குறிப்பாக ரத்தப் புற்றை, சிலருக்கு உண்டாக்கும் வழி இது.

1958இல் ஜெர்மனியின் ஆஸ்டா நிறுவனத்தில் நோர்பர்ட் பிராக் தலைமையிலான குழு இந்த முரட்டு மூலக்கூறுக்கு ஒரு கடிவாளம் போட்டது. நைட்ரஜன் மஸ்டர்டின் கைகளைப் பாஸ்பரஸ் கொண்ட ஒரு வளையத்தோடு இணைத்ததும், மூலக்கூறு சாதுவாகிவிட்டது. அது கல்லீரலுக்குப் போய், அங்கே நொதிகள் அதை உடைத்த பிறகுதான் பழைய குணம் வெளிப்படும். அதுதான் சைக்ளோபாஸ்பமைடு. மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று, சிறுநீரகம்வரை பரவிய லூபஸ் என்று பலவற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான பொருட்களின் முதல் வரிசையிலும் இதை வைத்திருக்கிறது. இரண்டு பட்டியலும் சரிதான். உயிரே போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு, பத்தாண்டு கழித்து வரலாம் என்ற ஆபத்து தாங்கக்கூடிய விலை. மருந்து கொடுக்கும் செவிலியருக்கு நோயே இல்லை. அவர் தராசில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது, நன்மை என்று வைக்க எதுவுமில்லை.

சைக்ளோபாஸ்பமைடில் ஒரு பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறும். சாதுவான வடிவம் என்பதால் பாக்டீரியா அதைப் பொருட்படுத்தாது. ஈரல் சாறு சேர்த்தால்தான் அதன் முகம் தெரியும். ஏம்ஸ் சேர்த்த அந்த எலி ஈரல் இல்லாமலிருந்தால், இந்த மருந்தின் தடத்தைப் பாக்டீரியா தட்டில் பிடிப்பது மிகவும் கடினமாகியிருக்கும்.

சரி, செவிலியர் உடம்புக்குள் மருந்து எப்படிப் போனது?

1970களில் கீமோ மருந்தை வார்டிலேயே, மருந்து அலமாரிக்குப் பக்கத்து மேசையில் வைத்துத்தான் கலந்தார்கள். தூள் உள்ள குப்பிக்குள் ஊசியால் நீரைச் செலுத்தும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். ஊசியை உருவும்போது கண்ணுக்குத் தெரியாத தூவானம் 'புஸ்' என்று வெளியேறும். ஊசியில் காற்றுக் குமிழை வெளியேற்ற ஒரு துளியைப் பீய்ச்சுவது எல்லாச் செவிலியருக்கும் கைவந்த பழக்கம். அந்தத் துளி காற்றில் போகிறது. ட்ரிப் குழாயை மாட்டும்போதும் கழற்றும்போதும் ஒரு சொட்டு கசியும். விரலில் பட்டது பேனாவுக்குப் போகும், கேஸ் ஷீட்டுக்குப் போகும், தொலைபேசிக்குப் போகும், பிறகு பிஸ்கெட்டோடு வாய்க்குப் போகும்.

கொஞ்சநாளில் மருந்து கலக்கும் வேலை பல நாடுகளில் மருந்தாளுநர்களுக்கு மாறியது. அவர்கள் நவீனமான ஒரு பெட்டிக்குள் வைத்துக் கலந்தார்கள். வடிகட்டிய சுத்தமான காற்று பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக வீசும் பெட்டி. மருந்தில் கிருமி படாமல் காக்க அருமையான ஏற்பாடு. ஆனால் காற்று வீசுவது நேராக அதன் முன் உட்கார்ந்திருப்பவர் முகத்தில். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த மருந்தாளுநர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, வேலை நாட்கள் கூடக் கூட மரபணுவை மாற்றும் தன்மையும் கூடிக்கொண்டே போனது. வேலையை நிறுத்திய இரண்டே நாட்களில் பழைய நிலைக்கு இறங்கியது. காற்று மேலிருந்து கீழாக இறங்கி, உள்ளேயே உறிஞ்சப்படும் பெட்டிக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. மருந்தைக் காக்க வடிவமைத்த பெட்டியில், மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

1990களில் அளக்கும் கருவிகள் கூர்மையாயின. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கை, அதாவது ஒரு நானோகிராமைக்கூடக் கண்டுபிடிக்க முடிந்தது. பாக்டீரியாவிடம் கேட்க வேண்டியதில்லை, மருந்தையே நேரடியாக அளக்கலாம். நெதர்லாந்தில் பால் செசிங்க் குழுவினர் மருத்துவமனை ஊழியர்களின் சிறுநீரில் சைக்ளோபாஸ்பமைடையே கண்டார்கள். மருந்தைக் கலக்கவோ ஏற்றவோ செய்யாத சிலரிடமும் அது இருந்தது. பிறகு ஈரத் துணியால் பரப்புகளைத் துடைத்துச் சோதிக்கும் முறை பரவியது. 1999இல் தாமஸ் கானர் குழுவினர் அமெரிக்கா, கனடாவின் ஆறு புற்றுநோய் மையங்களில் துடைத்துப் பார்த்தார்கள். மருந்து கலக்கும் பகுதியில் எடுத்த மாதிரிகளில் 75 சதவீதத்திலும், மருந்து ஏற்றும் பகுதியில் 65 சதவீதத்திலும் கீமோ மருந்து இருந்தது. இவை விதிமுறைகளைப் பின்பற்றிய நல்ல மையங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கிய குப்பிகளின் வெளிப்புறத்திலேயே மருந்து ஒட்டியிருந்ததும் வேறு ஆய்வுகளில் தெரிந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிப்பவர் கையிலிருந்தே பயணம் தொடங்கிவிடுகிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஒரு ஆய்வு என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது. மருந்து மருத்துவமனைக்குள் வந்து இறங்குவதிலிருந்து கழிவாக வெளியேறுவது வரை, அதன் பாதையில் யார் யார் கை வருகிறது என்று பட்டியலிட்டு, அந்தக் கைகளையெல்லாம் துடைத்துப் பார்த்தார்கள். 225 மாதிரிகளில் 44இல் சைக்ளோபாஸ்பமைடு இருந்தது. அதிகம் மாட்டியவர்களில் மருந்தைத் தொடுவதே வேலையாக இல்லாதவர்களும் இருந்தார்கள். வார்டு உதவியாளர்கள், உணவு ஆலோசகர்கள், நோயாளிக்குத் துணையாக வரும் தன்னார்வலர்கள். செவிலியருக்காவது கையுறை அணிய வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வருபவரிடம் யார் சொல்வது?

இவ்வளவு நுணுக்கமான அளவால் உண்மையிலேயே தீங்கு வருமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றுக்கும் உறுதியான பதில் இல்லை. ஆனால் கர்ப்பத்தைப் பொறுத்தவரை சான்றுகள் வலுவானவை. 1985இல், மறுபடியும் பின்லாந்திலிருந்து, 17 மருத்துவமனைகளின் செவிலியர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கீமோ மருந்தைக் கையாண்டவர்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு 2.3 மடங்காக இருந்தது. 2012இல் அமெரிக்காவில் 7,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் கர்ப்பங்களை ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றே வந்தது. இடையில் டென்மார்க்கில் நடந்த ஆய்வில் கர்ப்பத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பாதுகாப்பு முறைகள் ஏற்கெனவே ஒழுங்காக இருந்தன. என் கணிப்பில் இந்த மூன்றும் முரண்படவில்லை. பாதுகாப்பு இருந்தால் ஆபத்து இறங்குகிறது, இல்லாத இடத்தில் ஏறுகிறது என்பதைத்தான் மூன்றும் சொல்கின்றன.

புற்றுநோயைப் பற்றிச் சொல்வது கடினம். பல ஆண்டுகள் கழித்து வரும் நோய். வேலை மாறியிருப்பார்கள், ஊர் மாறியிருப்பார்கள். அதே டென்மார்க் ஆய்வில் ரத்தப் புற்று கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் கணக்கு நின்றது இரண்டே நோயாளிகளின் மேல். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2010இல் மெலிசா மெக்டயார்மிட் குழுவினர் வேறு வழியில் பார்த்தார்கள். நைட்ரஜன் மஸ்டர்ட் வகை மருந்து வாங்கிய நோயாளிகளுக்குப் பின்னாளில் வரும் ரத்தப் புற்றில், 5ஆம், 7ஆம் குரோமோசோம்கள் சிதைந்திருப்பது வழக்கம். அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் ஊழியர்கள் ரத்தத்தில் அதே இரண்டு குரோமோசோம்களைத் தேடினார்கள். இந்த மருந்துகளை எத்தனை முறை கையாண்டார்களோ அதற்கேற்ப அங்கே சிதைவும் கூடியிருந்தது. நோய் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் நோயாளி நடந்த அதே பாதையில் ஊழியரின் காலடித் தடமும் தெரிகிறது.

இனி காப்பு முறைகள். காற்று கீழிறங்கி உள்ளேயே உறிஞ்சப்படும் பெட்டியைச் சொன்னேன். அதன் வடிகட்டி துளிகளையும் தூளையும் பிடிக்கும். சைக்ளோபாஸ்பமைடு அறை வெப்பத்திலேயே மிகச் சிறிதளவு ஆவியாகும், ஆவியை வடிகட்டி பிடிக்காது. அதனால் காற்றை அறைக்குள் திருப்பாமல் கட்டடத்துக்கு வெளியே விட வேண்டும். கையுறை ஒன்று போதாது, இரண்டு அணிய வேண்டும். கீமோ மருந்துக்கென்று சோதித்த, மாவு தூவாத கையுறையாக இருக்க வேண்டும். அமெரிக்க விதி அரைமணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, ஏனென்றால் மருந்து கையுறையின் வழியாகவும் மெல்ல ஊடுருவும், கை அசைய அசைய வேகமாக ஊடுருவும். சிந்தினால் ஸ்பிரிட்டால் துடைப்பது நம் மருத்துவமனைகளில் அனிச்சையான பழக்கம். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், இந்த மூலக்கூறை ஒன்றும் செய்யாது. இங்கிருப்பதை அங்கே பரப்பிவிடும். இவற்றில் பல மருந்துகளை உடைக்க பிளீச்சிங் கரைசலான சோடியம் ஹைப்போகுளோரைட்டு வேண்டும், அதன் பிறகு சோப்பும் நீரும். கையில் தடவும் சானிட்டைசரும் இப்படித்தான், அதைத் தடவிக்கொண்டால் கழுவியதாகாது.

குப்பிக்கும் ஊசிக்கும் ட்ரிப் குழாய்க்கும் நடுவே காற்றோ துளியோ வெளியேறாமல் பூட்டிக்கொள்ளும் மூடிய இணைப்புக் கருவிகளும் வந்திருக்கின்றன. விலை அதிகம். பரப்புகளில் மருந்து குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 2018இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, வழக்கமான பாதுகாப்பு முறைகளுக்கு மேலாக இவை ஊழியருக்குள் போகும் அளவைக் குறைக்கின்றன என்றோ குறைக்கவில்லை என்றோ சொல்லப் போதிய சான்றில்லை என்றது. பணம் குறைவான மருத்துவமனை ஒன்று என்னிடம் கேட்டால், முதலில் கையுறையும் பெட்டியும் சோப்பும் போதிய ஆட்களும் என்றுதான் சொல்வேன்.

போதிய ஆட்கள் என்றது வெறும் நல்லெண்ணத்தில் இல்லை. 2012இல் கிறிஸ்டோபர் ஃப்ரீஸ் குழுவினர் அமெரிக்காவின் வெளிநோயாளர் கீமோ மையங்களில் வேலை செய்யும் 1,339 செவிலியர்களிடம் கேட்டார்கள். கடந்த ஓராண்டில் தோலிலோ கண்ணிலோ மருந்து பட்டதாகச் சுமார் 17 சதவீதத்தினர் சொன்னார்கள். ஆட்களும் வசதிகளும் போதுமான அளவுக்கு இருந்த மையங்களில் அது குறைந்திருந்தது. மருந்துச் சீட்டை இரண்டு செவிலியர் சேர்ந்து சரிபார்க்கும் வழக்கம் இருந்த இடங்களிலும் குறைந்திருந்தது. அந்தச் சரிபார்ப்பு நோயாளியைக் காக்க வந்தது, செவிலியரையும் சேர்த்துக் காத்திருக்கிறது. அதே குழு பிறகு 12 மையங்களில் செவிலியருக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. கையுறை, மேலங்கி அணிவது கூடவில்லை. ஆபத்து அவர்களுக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது. எட்டு ட்ரிப் ஒரே நேரத்தில் முடியும்போது, மேலங்கியை மாட்டிக்கொள்ள எடுக்கும் இரண்டு நிமிடம்தான் அவர்களிடம் இல்லை. செவிலியரின் சோர்வையும் மன அழுத்தத்தையும் பற்றி நாம் பேசும்போது அது ஏதோ மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தனியாக ஒதுக்குகிறோம். அவசரத்தில் ஓடும் கையில் மருந்து ஒட்டுகிறது. சோர்வை நானோகிராமிலும் அளக்கலாம்.

சட்டங்கள் மெதுவாக வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2004இல் எச்சரிக்கை வெளியிட்டது, கையாளும்போது கவனம் வேண்டிய மருந்துகளின் பட்டியலை 2024 டிசம்பரில் புதுப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல்தான் தொழிலாளரைப் புற்றுநோய்ப் பொருட்களிலிருந்து காக்கும் தன் சட்டத்துக்குள் இந்த மருந்துகளைக் கொண்டுவந்தது. சாயத் தொழிற்சாலைக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் இருந்த சட்டம், மருத்துவமனைக்கு வர இத்தனை காலம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கீமோ கழிவை மஞ்சள் பையில் தனிக் குறியோடு சேர்க்கச் சொல்கின்றன, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்கச் சொல்கின்றன. பைக்குள் போன பிறகு மருந்து என்ன ஆகும் என்பதற்கு விதி இருக்கிறது. பைக்குள் போடும் கையைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுத வேண்டும்.

நோயாளியின் வீட்டாருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கீமோ எடுத்தவரை விட்டு விலகி உட்காரக் கூடாது. கையைப் பிடித்துக்கொள்ளலாம், கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடலாம். கவனம் வேண்டியது மருந்து ஏற்றிய அடுத்த இரண்டு நாட்களுக்காவது அவருடைய சிறுநீர், மலம், வாந்தி, அவை பட்ட துணி ஆகியவற்றில்தான். சில மருந்துகளுக்கு நாள் கூடும், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். கையுறை அணிந்து எடுப்பது, கழிப்பறையை மூடிவைத்து இருமுறை நீர் விடுவது, துணியைத் தனியாக அலசுவது, கடைசியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவது. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கீமோ மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று. 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றினார்கள். இரண்டு மருந்து. ஒன்று ரோஸ்மில்க் நிறம், வார்டில் எல்லாரும் 'செவப்பு மருந்து' என்பார்கள். இன்னொன்று தண்ணீர்போல் இருக்கும், அதற்கு வார்டில் பெயரே இல்லை. அதுதான் சைக்ளோபாஸ்பமைடு என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. செவப்பு மருந்து ஒரு சொட்டுச் சிந்தினால் சிஸ்டர் ஓடிவந்து துடைப்பார், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்று சிந்தியதா என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

மூன்றாவது முறை ஏற்றிய அன்று மாலை பெரியம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி எடுத்தபடி படுத்திருந்தார். துப்புரவு வேலை பார்த்த பெண்தான் பெட்பேன் வைத்து எடுத்தார், வாந்தி எடுத்த தட்டை எடுத்தார், தரையைத் துடைத்தார். வெறுங்கை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலை முடிந்து அவர் திரும்பி வந்து, விலகிக் கிடந்த போர்வையை இழுத்துப் பெரியம்மாவின் காலை மூடிவிட்டார்.

"கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிக்கோ தாயி" என்றார் பெரியம்மா. தன் அசிங்கத்தை இன்னொருத்தி அள்ளவேண்டி வந்ததே என்ற கூச்சத்தில் சொன்னது. நாங்கள் அங்கே போய்வந்த நாட்களில் அந்தப் பெண்ணிடம் வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்கவில்லை.

"அதுக்கென்னம்மா, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.